லித்தியமும் செல்களின் நலமும்: ஓர் அண்ணனின் கேள்விக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். கேட்டவருடைய தங்கைக்கு முப்பத்து நான்கு வயது. பைபோலார் என்று பலரும் குறிப்பிடும் இருமுனைய மனநோய்க்காக ஆறு ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை எடுத்துவருகிறார். லித்தியம் செல்களின் முதுமையைத் தள்ளிப்போடுகிறது, குரோமோசோம் முனைகளின் காப்பான டெலோமியரை நீளமாக வைத்திருக்கிறது என்று அண்ணன் ஒரு கட்டுரையில் படித்திருக்கிறார். உறவினர் ஒருவரோ அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், உடனே நிறுத்திவிடுங்கள் என்கிறார். இரண்டில் எது உண்மை என்பது முதல் கேள்வி. மறதி தொடங்கியிருக்கும் எழுபது வயது அப்பாவுக்கும் சிறிதளவு கொடுத்துப் பார்க்கலாமா என்பது இரண்டாவது.

இரண்டு கூற்றுகளிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே அளவு உறுதிப்பட்டவை அல்ல. அதைவிட முக்கியமாக, 'செல்லுக்கு நல்லதா, கெட்டதா' என்று ஒருமையில் கேட்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. மூளையின் நரம்புச் செல்லான நியூரானும் சிறுநீரகக் குழாயின் செல்லும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. ஒரே அயனி, பெரும்பாலும் ஒரே நொதியைத் தடுத்து, ஓரிடத்தில் காப்பாகவும் இன்னோரிடத்தில் கேடாகவும் முடிகிறது என்பதுதான் லித்தியத்தின் கதை. எனவே நன்மையையும் தீமையையும் தனித்தனியாகப் பட்டியலிடாமல், செல்லுக்குள் அது என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

லித்தியம் உலோகங்களிலேயே மிக இலேசானது. 1817-இல் சுவீடனின் ஊத்தோ தீவில் கிடைத்த பெட்டலைட் என்னும் கனிமத்திலிருந்து யோகன் ஆகஸ்ட் ஆர்ஃவெட்சன் அதை இனங்கண்டார். கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. பைபோலாருக்கு அது மருந்தானது ஆஸ்திரேலியாவில். மெல்பர்ன் அருகே பண்டூராவில் இருந்த ஒரு மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் கேட், மேனியா என்னும் மிகையெழுச்சி நிலையில் இருப்பவர்களின் சிறுநீரில் ஏதோ நச்சு இருக்கக்கூடும் என்று எண்ணினார். யூரிக் அமிலத்தை நீரில் எளிதாகக் கரைப்பதற்காகவே லித்தியம் உப்பைக் கையில் எடுத்தவர், அதைச் செலுத்திய கினிப் பன்றிகள் அடங்கிக் கிடந்ததைக் கண்டு, மேனியா நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 1949-இல் முடிவை வெளியிட்டார். அவருடைய கருதுகோள் தவறு. கினிப் பன்றிகள் அடங்கியதுகூட அமைதியால் அல்லாமல் மருந்து மிகுந்ததால் இருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். ஆனால் நோயாளிகள் தேறியது உண்மை. அவருடைய முதல் நோயாளியும் நன்கு தேறி வீடு திரும்பியவர்தான். 1950-இல் அந்த நோயாளி இறந்தபோது காரணமாக இருந்ததும் அதே லித்தியத்தின் நச்சுத்தன்மைதான். இந்த மருந்தின் இரு முகங்களும் முதல் நோயாளியிடமே வெளிப்பட்டுவிட்டன.

இப்போது செல்லுக்குள் வருவோம். லித்தியம் அயனி ஒற்றை நேர்மின்னூட்டம் கொண்டது. அதனால் சோடியம் நுழையும் வாயில்கள் வழியே அதுவும் நுழைந்துவிடுகிறது. சோடியத்தை உடனுக்குடன் வெளியே இறைக்கும் பம்பு லித்தியத்தை அத்தனை திறமையாக வெளியேற்றுவதில்லை. நியூரான் ஒவ்வொரு முறை மின்துடிப்பை எழுப்பும்போதும் சோடியம் வாயில்கள் திறப்பதால், அளவுக்கு மீறித் துடித்துக்கொண்டிருக்கும் நியூரான்களுக்குள்தான் லித்தியம் கூடுதலாகப் புகும் என்றும் ஒரு கருத்து உண்டு. உள்ளே போனபின் அது போட்டியிடுவது சோடியத்தோடு அல்ல, மக்னீசியத்தோடு. இரண்டு அயனிகளின் பருமனும் ஏறத்தாழ ஒன்று. செல்லில் நூற்றுக்கணக்கான நொதிகள் மக்னீசியத்தைத் துணையாகக் கொண்டே இயங்குகின்றன; அவற்றுள் சிலவற்றின் மக்னீசிய இருக்கையில் லித்தியம் போய் அமர்ந்துகொள்ள, அந்த நொதிகள் மந்தமாகிவிடுகின்றன.

அவ்வாறு மந்தமாகும் நொதிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, இனோசிட்டால் மோனோபாஸ்ஃபடேஸ். செல்லுக்கு வெளியே வந்து சேரும் வேதிச் செய்தியை உள்ளே கடத்தும் ஒரு பாதைக்கு இனோசிட்டால் மூலப்பொருள். பயன்படுத்திய இனோசிட்டாலைத் திரும்பவும் பயன்படுத்தத் தக்கதாக மாற்றுவது இந்த நொதி. லித்தியம் இதைத் தடுக்கும் விதம் சற்று விசித்திரமானது. பாதை எவ்வளவு வேகமாக இயங்குகிறதோ அவ்வளவு அதிகமாகத் தடை விழுகிறது. பாதை சாதாரணமாக இயங்கும்போது தடையின் விளைவு குறைவு. கொதிக்கும் பானையில் மட்டும் தண்ணீர் தெளிக்கும் கை போன்ற இந்தப் பண்பைக் கொண்டுதான், மனநிலை இயல்பாக இருப்பவரை லித்தியம் ஏன் பெரிதாக மாற்றுவதில்லை என்பதற்கு 1980-களில் உயிரியலாளர் மைக்கேல் பெரிட்ஜ் ஒரு விளக்கம் தந்தார். அந்த விளக்கம் இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை என்றாலும், லித்தியம் பற்றிய கருத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மற்றொன்று கிளைக்கோஜன் சிந்தேஸ் கைனேஸ்-3; சுருக்கமாக ஜி.எஸ்.கே-3. பெயரைப் பார்த்தால் ஈரலில் மாவுச்சத்துச் சேமிப்போடு தொடர்புடைய ஒன்று என்று தோன்றும். உண்மையில் செல்லின் வளர்ச்சி, வடிவம், சாவு ஆகிய அனைத்திலும் கைவைக்கும் நொதி அது. லித்தியம் இதைத் தடுக்கிறது என்பது தெரியவந்த வழி சுவையானது. தவளைக் கருவை லித்தியக் கரைசலில் வைத்தால் அதன் முதுகுப்புற அச்சு இரட்டிப்பாக வளர்வது முன்பே தெரிந்திருந்தது. இனோசிட்டால் நொதியை இன்னும் வலுவாகத் தடுக்கும் வேறொரு பொருளைக் கொடுத்தபோது கருவில் அந்த மாற்றம் நேரவில்லை. அப்படியானால் காரணம் வேறு நொதி என்று தேடிப்போய், 1996-இல் பீட்டர் கிளைனும் டக்ளஸ் மெல்டனும் ஜி.எஸ்.கே-3-இல் வந்து நின்றார்கள்.

செல்லின் நலம் என்று கட்டுரைகளில் பேசப்படுவதில் பெரும்பகுதி இந்த நொதியைச் சுற்றியே நிற்கிறது. நெருக்கடிக்கு உள்ளான செல்லில் ஜி.எஸ்.கே-3 மிகையாக இயங்கினால், செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு தூண்டப்படுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளை திறந்துகொள்வது அந்த ஏற்பாட்டின் ஒரு படி. லித்தியம் அந்த நொதியை அடக்கும்போது துளை எளிதில் திறப்பதில்லை. இதற்கு மேல், செல்சாவைத் தடுக்கும் பி.சி.எல்-2 என்னும் புரதமும், நியூரான்களுக்கு ஊட்டம்போல அமையும் பி.டி.என்.எஃப் என்னும் வளர்ச்சிக் காரணியும் லித்தியத்தால் கூடுகின்றன என்பது எலிகளிலும் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட செல்களிலும் பலமுறை காணப்பட்டிருக்கிறது. எலியின் மூளையில் கண்டது மனித மூளையிலும் அப்படியே நிகழும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

பைபோலார் உள்ளவர்களிடம் இது ஏன் குறிப்பாகப் பொருட்படுகிறது? இந்நோயில் மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தி சீராக இல்லை என்பதற்குப் பல சான்றுகள் உண்டு. மூளையில் லாக்டேட் கூடியிருப்பதும், ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் அடையாளங்கள் இரத்தத்தில், குறிப்பாக மேனியாவின்போது, மிகுந்திருப்பதும் அவற்றுள் அடங்கும். லித்தியம் சிகிச்சையில் அந்த அடையாளங்கள் குறைந்ததைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலி நொதிகள் லித்தியத்தின் முன்னிலையில் கூடுதலாக இயங்குவதும் ஆய்வகத்தில் பதிவாகியிருக்கிறது. பழுதுபட்ட புரதங்களையும் உறுப்புகளையும் செல் தானே செரித்துக்கொள்ளும் தன்விழுங்கல் என்னும் துப்புரவு வேலையில்தான் விஷயம் சிக்கலாகிறது. இனோசிட்டால் நொதியைத் தடுப்பதன் வழியாக லித்தியம் இந்தத் துப்புரவை முடுக்கிவிடுகிறது என்று 2005-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் ஜி.எஸ்.கே-3-ஐத் தடுப்பதன் வழியாக அதே லித்தியம் அதே துப்புரவைச் சற்று மட்டுப்படுத்தவும் செய்கிறது என்று அதே குழுவினரின் பிற்கால ஆய்வு சொன்னது. 'லித்தியம் செல்லைச் சுத்தப்படுத்துகிறது' என்று ஒரே வரியில் எழுதிவிடும் கட்டுரைகள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகின்றன.

டெலோமியர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களை ஈர்த்த செய்தி அதுதான். குரோமோசோம்களின் இரு முனைகளிலும் இருக்கும் பாதுகாப்புப் பகுதிக்கு டெலோமியர் என்று பெயர். காலணிக் கயிற்றின் முனை பிரியாமலிருக்க மாட்டப்படும் குப்பியோடு அதை ஒப்பிடுவது வழக்கம். செல் பிரியும்தோறும் அது சிறிது தேய்கிறது. ஓர் எல்லைக்குக் கீழே தேய்ந்தால் செல் மேலும் பிரிவதை நிறுத்திவிடுகிறது. இதைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்கு 2009-இல் எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013-இல் பைபோலார் உள்ள 256 பேரின் வெள்ளணுக்களில் டெலோமியர் நீளத்தை அளந்து, நோயில்லாத 139 பேரோடு ஒப்பிட்டார்கள். லித்தியம் எடுத்துவந்தவர்களின் டெலோமியர் நோயில்லாதவர்களுடையதைவிட 35 சதவீதம் நீளமாக இருந்தது. முப்பது மாதங்களுக்கு மேல் எடுத்தவர்களிடம் காலம் கூடக்கூட நீளமும் கூடியிருந்தது. மருந்துக்கு நன்கு இணங்கியவர்களிடம் இந்தத் தொடர்பு பளிச்சென்று தெரிந்தது. பின்னர் இத்தாலியிலும் இலண்டனிலும் செய்யப்பட்ட ஆய்வுகளும் இதே திசையில் முடிவு தந்துள்ளன.

இதிலிருந்து லித்தியம் டெலோமியரை நீட்டியது என்ற முடிவுக்கு வரலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் லித்தியத்தில் நீடிப்பவர்கள் யார்? மருந்து ஒத்துக்கொண்டவர்கள், தவறாமல் இரத்தப் பரிசோதனைக்கு வருபவர்கள், நோய் அடிக்கடி திரும்பாதவர்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் இடையிலேயே வேறு மருந்துக்கு மாறிவிடுகிறார்கள். ஆகவே நீண்ட டெலோமியர் மருந்தின் விளைவாக இருக்கலாம். நோய் கட்டுக்குள் இருந்ததால் தூக்கமும் உணவும் சீராக அமைந்ததன் விளைவாகவும் இருக்கலாம். தொடக்கத்திலேயே உறுதியான செல்களைப் பெற்றிருந்தவர்கள்தான் மருந்துக்கும் இணங்கினார்கள் என்றும் இருக்கலாம். ஒரே தேதியில் எடுத்த இரத்தத்தை வைத்து இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது. போதாக்குறைக்கு, அளந்தது வெள்ளணுவை. நமக்குக் கவலை மூளையைப் பற்றியது. டெலோமியரை மீண்டும் கட்டும் டெலோமரேஸ் நொதியின் ஒரு பகுதி, மனச்சோர்வுக்கான எலி மாதிரியில் லித்தியத்தால் கூடியது என்ற செய்தி முதல் விளக்கத்துக்குச் சற்று வலுச் சேர்க்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்கு மேல் அதில் பாரத்தை ஏற்ற முடியாது.

மூளையில் நேரடியாக என்ன தெரிகிறது என்றால், 2000-இல் பத்து நோயாளிகளை நான்கு வாரம் பின்தொடர்ந்த சிறிய ஆய்வொன்று, அவர்களில் எட்டுப் பேருக்கு மூளையின் சாம்பல்நிறப் பொருள் சுமார் மூன்று சதவீதம் கூடியதாகச் சொல்லிப் பரபரப்பை உண்டாக்கியது. பிறகு பல நாடுகள் சேர்ந்து 6,503 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஒன்றாக ஆராய்ந்தபோது, பைபோலார் உள்ளவர்களின் மூளைப் புறணி மெலிந்திருப்பதும், லித்தியம் எடுப்பவர்களிடம் அந்த மெலிவு குறைவாக இருப்பதும் தெரிந்தன. இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை: லித்தியம் மூளைத் திசுவின் எம்.ஆர்.ஐ. சமிக்ஞையையே சற்று மாற்றக்கூடியது என்பதால், படத்தில் தெரியும் வளர்ச்சி முழுவதும் செல்லின் வளர்ச்சிதான் என்று கொள்ள இயலாது.

என்னை மிகவும் சிந்திக்கவைத்த ஆய்வு இவற்றில் எதுவும் அல்ல. 2015-இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ஃபிரெட் கேஜின் குழுவினர் செய்தது. பைபோலார் உள்ளவர்களின் தோல் செல்களை எடுத்து, அவற்றை எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய தண்டுச் செல் நிலைக்குத் திருப்பி, அங்கிருந்து மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதி நியூரான்களைப் போன்றவையாக வளர்த்தார்கள். அந்த நியூரான்கள் மற்றவர்களின் நியூரான்களைவிட மிகையாகத் துடித்தன. லித்தியத்தைச் சேர்த்தபோது துடிப்பு தணிந்தது. ஆனால் யாருக்கு மருத்துவத்தில் லித்தியம் பலன் தந்திருந்ததோ அவர்களிடமிருந்து வந்த நியூரான்களில் மட்டுமே தணிந்தது. பலன் காணாதவர்களின் நியூரான்கள் கிண்ணத்திலும் அசையவில்லை. லித்தியம் எடுப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் அது முழுப்பலன் தருகிறது என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அந்த வேறுபாடு செல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை இந்த ஆய்வு கண்ணால் காட்டியது. எனவே இந்த மருந்தின் செல்நலம் என்பது எல்லோருக்கும் பொதுவான ஒன்றல்ல.

இனி உங்கள் உறவினர் சொன்ன பக்கம். சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாயில் இருக்கும் செல்களுக்கும் சோடியம் வாயில் உண்டு. அதன் வழியே லித்தியம் உள்ளே நுழைந்து தேங்குகிறது. அங்கும் ஜி.எஸ்.கே-3 தடைபடுகிறது, அது ஒரு காரணமாக, நீரை உடலுக்குள் திருப்பியெடுக்கும் அக்குவாபோரின்-2 என்னும் நீர்வாயில்கள் குறைந்துபோகின்றன. விளைவு, ஓயாத தாகமும் அளவுக்கு மீறிய சிறுநீரும். நியூரானைக் காக்கும் அதே தடை இங்கே செல்லின் அன்றாட வேலையைப் பறிக்கிறது. இது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும், கட்டுப்படுத்தவும் முடியும். அந்தச் சோடியம் வாயிலையே அடைக்கும் அமிலோரைடு என்ற மருந்து இதற்குப் பயன்படுவது, செயல்முறையை நாம் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதற்கும் அடையாளம். பத்து, இருபது ஆண்டுகள் கடந்தபின் சிலருக்குக் குழாய்களைச் சுற்றித் தழும்புத் திசு படிந்து வடிகட்டும் திறன் மெல்லக் குறைவது இதைவிடக் கவலைக்குரியது. எல்லோருக்கும் நேர்வதில்லை, இரத்தத்தில் லித்தியம் அடிக்கடி எல்லை தாண்டியவர்களுக்கே ஆபத்து அதிகம். தைராய்டு சுரப்பி ஹார்மோனை வெளியிடுவதை லித்தியம் மட்டுப்படுத்துவதும், பாராதைராய்டைத் தூண்டி இரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டுவதும் இதே வரிசையில் வருபவை. இரத்த வெள்ளணுக்கள், குறிப்பாக நியூட்ரோஃபில்கள், கூடுவதும் உண்டு. பரிசோதனைச் சீட்டில் அதைப் பார்த்து எங்கோ தொற்று இருக்கிறது என்று வீட்டார் பதறுவது சாதாரணம்.

நியூரானைக் காக்கும் மருந்து என்று நான் சொன்னதற்கும் ஓர் எல்லை உண்டு. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருப்பதைத்தான் பெரும்பாலானவர்களுக்கு நீண்டகாலச் சிகிச்சையில் நாடுகிறார்கள்; 1.5-ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை தலைகாட்டும். கடுமையான நச்சுத்தன்மைக்கு ஆளானவர்களில் சிலருக்குச் சிறுமூளையின் செல்கள் மீளாதபடி அழிந்து, நடையிலும் பேச்சிலும் தள்ளாட்டம் நிலைத்துவிடுகிறது. காக்கும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடையே இரண்டு மடங்குதான் தூரம். எனவேதான் மாத்திரை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். எனவேதான் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியேட்டினின், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். உடலில் உப்பும் நீரும் குறையும்போது சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைக்கும் முயற்சியில் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் வியர்த்து ஓய்வது, வயிற்றுப்போக்கு, தண்ணீரும் அருந்தாத விரதம், யாரோ சொன்னார்கள் என்று திடீரென உப்பில்லாமல் சாப்பிடுவது ஆகிய நான்கும் நம் ஊரில் எளிதாக நடப்பவை. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரொஃபென், டைக்லோஃபெனாக் போன்ற மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளும் லித்தியத்தின் அளவை உயர்த்தும். கை நடுக்கம் மிகுதல், நாக்குழறல், தள்ளாட்டம், வாந்தி என்று தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இவ்வளவையும் எடைபோட்டால் உங்கள் தங்கை மருந்தைத் தொடர்வதற்கான காரணம் டெலோமியர் அல்ல. மிகையெழுச்சியும் மனச்சோர்வும் திரும்ப வருவதைத் தடுப்பதில் லித்தியத்துக்கு இருக்கும் சான்று அரை நூற்றாண்டுக்கும் மேலானது. டென்மார்க்கின் மோகென்ஸ் சோவும் பாஸ்ட்ரப்பும் 1970-இல் நடத்திய, யாருக்கு எது என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாத இருமறைவுச் சோதனையிலேயே, மருந்தில் தொடர்ந்தவர்களுக்கும் வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களுக்கும் இடையே வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. மனநிலைக் கோளாறு உள்ளவர்களிடம் தற்கொலையைக் குறைப்பதில், 48 சோதனைகளைத் தொகுத்து 2013-இல் வெளியான பகுப்பாய்வு லித்தியத்துக்குச் சாதகமாகவே முடிந்தது. பின்னர் வந்த சோதனை ஒன்றில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதால் விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனாலும் பெரும்பாலான மருத்துவர்கள் இந்தக் காரணத்துக்காகவே லித்தியத்தைக் கைவிடத் தயங்குகிறார்கள். செல் பற்றிய ஆய்வுகள் இந்தப் பலன் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்க முயல்பவை. பலனுக்கான சாட்சி வார்டில் இருக்கிறது, ஆய்வகத்தில் அல்ல. உறவினர் சொன்னதுபோலத் திடீரென நிறுத்துவது மிக மோசமான வழி. சட்டென்று நிறுத்தியவர்களுக்கு, படிப்படியாகக் குறைத்தவர்களைவிட விரைவாக மேனியா திரும்புகிறது. ஆறு ஆண்டுகளின் கிரியேட்டினின் அளவுகளை ஒரே தாளில் தேதிவாரியாக எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தனி ஓர் எண்ணைவிட, அது ஏறிக்கொண்டே வருகிறதா என்பதுதான் அவருக்குப் பயன்படும். இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறார் என்பதையும் தங்கையிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை பெறும் எண்ணம் அவருக்கு இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கருவின் இதயம் உருவாகும் வாரங்களில் மருந்தின் அளவு குறித்துத் தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்றால், வேண்டாம். 2025-இல் ஹார்வர்டைச் சேர்ந்த புரூஸ் யாங்க்னரின் குழுவினர், மறதிநோய் தொடங்கியவர்களின் மூளையில் இயற்கையாக இருக்கும் லித்தியம் குறைந்திருந்ததையும், லித்தியம் ஓரோட்டேட் என்ற உப்பைச் சிறிதளவு கொடுத்த எலிகளில் நினைவாற்றல் மேம்பட்டதையும் வெளியிட்டார்கள்; நீங்கள் படித்த கட்டுரையும் அதை ஒட்டியே எழுதப்பட்டிருக்கலாம். நினைவாற்றல் மேம்பட்டது எலிகளில் கண்ட முடிவு. எழுபது வயதில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் இயல்பாகவே குறைந்திருக்கும். அப்பா இரத்த அழுத்தத்துக்கோ மூட்டுவலிக்கோ மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், தங்கைக்குப் பாதுகாப்பான அளவே அவருக்கு நச்சாகிவிடக்கூடும். ஒரே வீட்டில் மாத்திரை அட்டை கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அவருடைய மறதிக்கு முதலில் பார்க்க வேண்டியவை தைராய்டு, வைட்டமின் பி-12, காது கேட்கும் திறன், தூக்கம், அவர் ஏற்கெனவே விழுங்கிவரும் மாத்திரைகளின் பட்டியல். இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை.